வெள்ளிக் கல்யாணமும் வெறும் வயிறும்

என் கணவன் தோர்கிலுக்கு இரண்டு கால்கள் இருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது அவனுடைய வலது கால்தான். முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் அவன். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமல்லவா, அந்தக் கால் அதன்மேல்தான் குடியிருந்தது. காரை விட்டு இறங்கினாலும் அதற்கு ஓய்வில்லை. கடையில் முன்னால் போகிறவரின் தள்ளுவண்டி திடீரென்று நின்றால் தரையை அழுத்தும். தொலைக்காட்சியில் கார் துரத்தல் வந்தால் சோபாவுக்கு முன்னால் கம்பளத்தை அழுத்தும். எங்கள் கல்யாணத்தன்று பாதிரியார் பிரசங்கத்தைக் கொஞ்சம் வேகமாகப் படித்தபோதும் அழுத்தியது. பக்கத்தில் வெள்ளை உடுப்போடு நின்ற நான் பார்த்துவிட்டுச் சிரித்தேன், பாதிரியார் என்னை முறைத்தார்.

நானும் அவனிடம் கற்றவள்தான். முதல் தேர்விலேயே தேறிவிட்டேன். கைகுலுக்கி வாழ்த்துவான் என்று பார்த்தால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

“அநியாயம். உனக்கு இன்னும் நாலு கிளாஸாவது எடுக்கலாம்னு இருந்தேன்” என்றான்.

“கிளாஸ் இல்லாம சும்மா கூப்பிட்டா வரமாட்டேன்னு யார் சொன்னது?” என்றேன். அப்படி ஆரம்பித்ததுதான்.

எதற்கும் ஒரு முறை வைத்திருப்பான். கண்ணாடியைப் பார், தோளுக்கு மேல் திரும்பிப் பார், அப்புறம் வண்டியைத் திருப்பு, திருப்பியபின் மறுபடியும் கண்ணாடியைப் பார். இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் இதைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். விருந்தில் கோப்பையைத் தூக்கினாலும் அதே கதைதான். ‘ஸ்கோல்’ என்று சொல்லி எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும், குடிக்க வேண்டும், மறுபடியும் கண்ணைப் பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் கோப்பையைக் கீழே வைக்கலாம். எங்கள் நாட்டில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் பாதிப்பேர் இரண்டாவது பார்வையை மறந்து மீன் தட்டின்மேல் பாய்ந்துவிடுவார்கள். தோர்கில் விடமாட்டான்.

“மொதப் பார்வை சும்மா மரியாதைக்கு. ரெண்டாவதுதான் முக்கியம். குடிச்சு முடிச்ச பிறகும் ஆள் அங்கயே இருக்காங்களான்னு பாக்க வேண்டாமா?” என்பான். அவன் அம்மாவே ஒருமுறை கோப்பையைக் கையில் பிடித்தபடி, சாப்பிடவும் முடியாமல், மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் அவன் யாரிடமோ பேசி முடிக்கும்வரை காத்திருந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவனுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போனது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் படத்தை ரசிப்பதுபோல் மூச்சு வாங்குவான். அந்தச் சுவரில் படமே கிடையாது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நெஞ்சைத் திறந்து புது வால்வு வைக்க வேண்டும், அதுவரை கார் ஓட்டவே கூடாது என்றார்கள். ஆக, நான் ஓட்ட வேண்டியதாயிற்று. அவன் பக்கத்து இருக்கையில். எங்கள் சொந்தக் காரில் அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. ஒரு மாதத்தில் அந்தக் கால் மிதித்த இடத்தில் விரிப்பு நைந்து தகரம் தெரிந்தது.

முதல் தேதி கொடுத்தார்கள். மாணவர்களுக்குத் தேர்வு இருக்கிறது என்று தள்ளிப்போட்டான். இரண்டாவது தேதி கொடுத்தார்கள். ஜலதோஷம் என்றான். ஈரத் தலையோடு தோட்டத்தில் அரைமணி நேரம் நின்று அவனே வரவழைத்துக்கொண்ட ஜலதோஷம் அது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், தோட்டத்துக்கும் தெரியும். அறுவை செய்யும் டாக்டரம்மா வீட்டுக்கே போன் பண்ணினார். நல்லவேளை, நான் எடுத்தேன்.

“ரத்தம் போற வழி ஒரு ஸ்ட்ரா அளவுக்கு வந்துடுச்சும்மா. இந்த மாசக் கடைசியில ஒரு நாள் தரேன். இதையும் விட்டா, அடுத்த தேதின்னு ஒண்ணு இருக்கும்னு என்னால சொல்ல முடியாது” என்றார்.

அந்த நாள் எங்கள் வெள்ளிக் கல்யாண நாள். இருபத்தைந்தாவது வருடம். தோர்கிலுக்குக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. எவ்வளவு உயர்ந்த சாக்கு!

“அன்னைக்கா? எப்படி முடியும் லிஸ்பெட்? தெருக்காரங்க வாசல்ல இலை வளைவு கட்டுவாங்க. விடியக்காலம் வந்து ஊதி எழுப்புவாங்க. நாம தூங்கற மாதிரி நடிச்சு, ராத்திரி உடுப்போட கதவத் தொறந்து, ரெண்டு பேரும் சேர்ந்து வளைவுக்குக் கீழ நடக்கணும். மாப்பிள்ளையே இல்லன்னா எவனுக்குன்னு ஊதுவாங்க?”

“உன் சவப்பெட்டிக்கு முன்னாடி ஊதறதவிட, கல்யாணத்துக்கு ஊதாம இருக்கட்டும்” என்றேன்.

அவன் வலது கால் மேசைக்கு அடியில் அழுத்தியது.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு யோர்னிடம் போனேன். எங்கள் தெருவில் இந்தமாதிரி வைபவங்களுக்கெல்லாம் அவன்தான் தலைமை. தீயணைப்புப் படை வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதுகிறவன். தோர்கிலிடம் படித்து நான்கு முறை தோற்று, ஐந்தாவது முறை தேர்வாளர் களைத்துப்போனதால் தேறியவன் என்பது என் கட்சி. வெள்ளிக் கல்யாணம் ரத்து, வளைவு வேண்டாம், ஊத வேண்டாம், அன்று நாங்கள் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் இருப்போம் என்று சொன்னேன்.

“சரி” என்றான்.

அவ்வளவுதான். வாக்குவாதம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. யோர்ன் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னது எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். என் கவலையில் அதெல்லாம் தோன்றவில்லை.

முந்தின நாள் காலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ் சோல்வை எங்களை வரவேற்றாள். உயரமானவள், சாம்பல் நிறப் பின்னல், சிரிக்காமலே கிண்டல் பண்ணுகிற முகம். படுக்கை தள்ளுகிற ரூனெ என்ற ஆசாமி கதவு அகலத்துக்கு இருந்தான். ஒரு ஸ்கேனுக்காகத் தோர்கிலைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போனான். போர்வைக்கு அடியில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் வலது கால் அழுத்தியது.

“மூலையில கண்ணாடி வச்சிருக்காங்க பாருங்க, அதப் பாக்கவே இல்லையே நீங்க!” என்றான் தோர்கில்.

“பாத்தேன் சார்.”

“தலையத் திருப்பிப் பாக்கணும். கண்ண மட்டும் உருட்டினா தேர்வுல மார்க்கு கிடையாது.”

ரூனெ அடுத்த மூலையில் நின்று, கண்ணாடியைப் பார்த்து, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, கையை நீட்டி சிக்னல் காட்டிவிட்டுத்தான் திருப்பினான். எதிரே வந்த சாப்பாட்டு வண்டிக்காரி வழிவிட்டு நின்று அவனுக்கு ஒரு வணக்கம் வைத்தாள்.

அப்புறம் தயார்ப்படுத்தல் ஆரம்பமானது. ஒரு ரோஜா நிறச் சோப்புத் தண்ணீரைக் கொடுத்துத் தலையிலிருந்து கால்வரை இரண்டு தடவை குளிக்கச் சொன்னார்கள். சோல்வை ஒரு மெஷினை வைத்துக்கொண்டு அவன் நெஞ்சு முடியை வரிவரியாக வழித்தெடுத்தாள். இருபத்தைந்து வருடமாக நான் தலைசாய்த்த இடம், கண்ணெதிரே மழமழவென்று ஆனது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்புதான் வந்தது. உரித்த கோழி மாதிரி இருந்தான். சொன்னேன். சோல்வை மெஷினை நிறுத்திவிட்டு, “கோழிக்கு இவ்வளவு பேச்சு கிடையாது” என்றாள்.

மூக்குக்குள் களிம்பு. காலுக்கு இறுக்கமான வெள்ளை ஸ்டாக்கிங். தண்ணீர் பாட்டிலில் குழாயை விட்டுக் குமிழி ஊதும் பயிற்சி, நுரையீரலுக்கு நல்லதாம். கடைசியாக ஒரு குட்டித் தலையணை. அறுவை முடிந்தபின் இருமல் வந்தால் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டுதான் இரும வேண்டும், இல்லாவிட்டால் தையல் வலிக்கும். தாழ்வாரத்தில் ஏற்கெனவே அறுவை முடிந்தவர்கள் ஆளுக்கொரு தலையணையைக் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் எங்கோ தூங்கக் கிளம்பி வழி தவறியவர்கள்போல் இருந்தார்கள்.

மத்தியானம் மயக்கமருந்து டாக்டர் வந்தார். சின்ன வயசு, பொறுமைசாலி. தோர்கில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல் ஒரு கேள்வியைப் போட்டான்.

“எந்தெந்தக் காரணத்துக்கெல்லாம் ஆபரேஷன ரத்து பண்ணுவீங்க?”

“காய்ச்சல் இருந்தா. தோல்ல புண்ணு இருந்தா. அப்புறம் சாப்பிட்டிருந்தா, தண்ணி தவிர வேற எதையாவது குடிச்சிருந்தா.”

“நெறைய குடிச்சிருந்தாவா?”

“ஒரு வாய் போதும். அன்னைக்கு இல்லன்னு திருப்பி அனுப்பிடுவோம். மறுபடி வரிசையில கடைசி. வசந்தகாலம் ஆயிடும்.”

நான் போர்வையைப் பார்த்தேன். வலது கால் அசையவே இல்லை. ரொம்ப யோசிக்கும்போது மட்டும்தான் அது அப்படிக் கிடக்கும்.

சாயங்காலம் நான் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தங்குகிற விடுதிக்குக் கிளம்பினேன். கோட்டை மாட்டும்போது அவன் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான்.

“என்னைத் தூங்க வச்சிருவாங்க லிஸ்பெட். என் வண்டிய வேற யாரோ ஓட்டுவாங்க. பக்கத்து சீட்டுகூடக் கிடையாது எனக்கு. பின்சீட்டுலயும் இல்ல, டிக்கியில கிடப்பேன்.”

“பயமா இருக்கா?”

“ஆமா” என்றான். இருபத்தைந்து வருடத்தில் அந்தக் கேள்விக்கு அவன் ஆமா சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கும் பயம்தான் என்று சொல்லத் தெரியாமல், தலையணையைச் சரிபண்ணிவிட்டு, அவன் வழுவழு நெஞ்சில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

காலையில் விடுதியிலிருந்து வந்தால், ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்த வண்டி ஒன்று குறுக்கே நின்றது. இரண்டு கார் நிறுத்துகிற இடத்தில் கோணலாக நின்ற விதத்திலேயே அது யோர்னுடையது என்று தெரிந்துவிட்டது. பின்னால் இழுவை வண்டி நிறைய ஊசியிலை மரக்கிளை. சுற்றிலும் எங்கள் தெருவே நின்றது, கம்பளித் தொப்பியும் ரொட்டிக் கூடையுமாக.

“வேணாம்னு சொன்னேனே!” என்று கத்தினேன்.

“சரின்னு சொன்னேன். கேக்கறேன்னு சொன்னேனா?” என்றான் யோர்ன். “ஊர்ல வெள்ளிக் கல்யாணத்த ரத்து பண்றதுக்கு நீ யாரு? அது எங்க வேல. உன் வேல தூங்கற மாதிரி நடிக்கறது.”

எல்லோருமாக ஆளுக்கொரு கிளையைத் தூக்கிக்கொண்டு மேலே போனோம். வார்டுக் கதவில் சோல்வை இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஒரு இலகூட உள்ள வராது. இது இதய வார்டு. அதுல மண்ணு இருக்கு, பூஞ்சை இருக்கு, எறும்பு இருக்கு.”

“எறும்ப உதறிட்டுதான் கொண்டாந்தோம்” என்றான் யோர்ன்.

“கொண்டுபோங்க கீழ.”

யோர்னின் முகம் சுருங்கிப்போனது. கிளைகள் கீழே போயின. எனக்கே பாவமாக இருந்தது. சோல்வை எங்களைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பின்னலைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் போட்டாள்.

“மரம் வேணாம்னுதான் சொன்னேன். வளைவு வேணாம்னு சொன்னேனா?” என்றாள்.

அடுத்துக் கொஞ்ச நேரம் அந்தத் தாழ்வாரத்தில் நடந்ததை எந்த டாக்டரும் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி போனார்கள். மருந்து பாட்டில் மாட்டுகிற கம்பிகள் இரண்டைத் தோர்கிலின் அறைக் கதவுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பச்சைத் துணியை முறுக்கி வளைத்துக் கட்டினார்கள். இராப்பணி முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய நர்சுகள் ரப்பர் கையுறைகளை ஊதிப் பூவாகக் கட்டினார்கள், ஒவ்வொரு பூவுக்கும் ஐந்து விரல். உச்சியில் வெள்ளை ஸ்டாக்கிங்கை மடித்து இருபத்தைந்து என்று ஒட்டினார்கள். ரூனெ ஒரு கையுறையை ஊதி ஊதி அது வெடித்ததும், யாரோ ஒரு நோயாளி “என் வால்வா?” என்று கேட்டார்.

“ஒரே ஒரு தடவைதான் ஊதலாம். மெதுவா” என்று யோர்னிடம் சோல்வை கண்டிப்பாகச் சொன்னாள். “பாட்டு ஒண்ணு. அப்புறம் நான் அமைதிக்கான மாத்திரை கொடுக்கணும், ரூனெ கூட்டிட்டுப் போகணும்.”

நான் உள்ளே ஓடினேன். தோர்கில் குளித்து முடித்து, முதுகுப்பக்கம் திறந்த சட்டையோடு, வெள்ளை ஸ்டாக்கிங்கோடு படுக்கையில் உட்கார்ந்திருந்தான். ராத்திரி உடுப்பு என்ற விஷயத்தில் மட்டும் ஆஸ்பத்திரி எங்கள் சம்பிரதாயத்துக்கு நன்றாகவே ஒத்துழைத்தது. வெளியே சலசலப்பு கேட்டதும் அவன் கண் விரிந்தது.

“வந்துட்டாங்களா? இங்கயா? படு, படு! முழிச்சிருக்கறத பாத்தா அசிங்கம்!”

கோட்டும் பூட்சுமாக அந்த ஒற்றைப் படுக்கையில் அவன் பக்கத்தில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் குறட்டை வேறு விட்டான். எனக்கு வயிறு குலுங்கியது. “குறட்டைய நிறுத்து, யாரும் நம்பமாட்டாங்க” என்றேன். “நான் எப்பவும் இப்படித்தான் விடறேன்னு சொல்லுவியே” என்றான்.

டிரம்பெட் ஊதியது. மெதுவாக ஊதத் தெரிந்தவனாக இருந்தால் அவன் யோர்ன் இல்லை. நாங்கள் திடுக்கிட்டு எழுவதுபோல் எழுந்து கதவைத் திறந்தோம். தோர்கில் ஒரு கையால் சட்டையின் பின்பக்கத்தைச் சேர்த்துப் பிடித்திருந்தான். வளைவுக்கு அப்பால் எங்கள் தெருவும், நர்சுகளும், அவர்களுக்குப் பின்னால் தலையணையைக் கட்டிக்கொண்ட ஒரு வரிசை நோயாளிகளும் நின்றார்கள். யோர்ன் எல்லோருக்கும் தாள் கொடுத்திருந்தான், அவனே எழுதிய பாட்டு. பழைய மெட்டு, எல்லோருக்கும் தெரியும்.

*எங்க ஊரு வாத்தியாரு, பிரேக்கத்தானே நம்புவாரு,*
*பொண்டாட்டிய பாத்த அன்னைக்கு வழுக்கிப்போச்சு காலு!*

ஒவ்வொரு அடி முடிவிலும் எல்லோரும் வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார்கள். தலையணைக்காரர்கள் சிரிக்கக்கூடாது என்று சோல்வை சொல்லியிருந்தாள் போலும், தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு “ஐயோ, ஐயோ” என்று வலியோடு சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷமா பயமா என்று பிரித்துப் பார்க்க முடியாத ஒரு கிறுகிறுப்பு. தோர்கில் சிரித்துச் சிரித்துச் சட்டையை விட்டுவிட்டான், பின்னால் ஜன்னல் மட்டும்தான் இருந்தது என்பதால் மானம் தப்பியது.

பாட்டு முடிந்ததும் சோல்வை மாத்திரை எடுத்துவரப் போனாள். யோர்ன் அதற்காகவே காத்திருந்தவன்போல் கோட்டுக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்தான். மூலிகை போட்ட கசப்புச் சாராயம். அது இல்லாமல் எங்கள் ஊரில் எந்த வெள்ளிக் கல்யாணமும் விடிந்ததில்லை. கோப்பைக்கு எங்கே போவது? மருந்து கொடுக்கிற குட்டிப் பிளாஸ்டிக் கோப்பைகள் வண்டியில் அடுக்கி வைத்திருந்தன. அவற்றில் ஊற்றி ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்துக்கொண்டே போனான். என் கையிலும் ஒன்று. தோர்கில் கையிலும் ஒன்று.

யோசித்துப் பார்த்தால் அங்கே யாருமே யோசிக்கவில்லை. கூட்டம் முழுக்கப் பழக்கத்தின் கையில் இருந்தது. “தம்பதிக்கு, ஸ்கோல்!” என்றான் யோர்ன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. தோர்கிலின் கையும் உயர்ந்தது.

முறைப்படி அவன் என் கண்ணைப் பார்த்தான்.

அவனுக்குத் தெரியும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. மற்றவர்கள் மறந்திருந்தார்கள், அவன் மறக்கவில்லை. ஒரு வாய் போதும். யார்மேலும் பழி இல்லை. பயந்து ஓடினான் என்று யாரும் சொல்லமாட்டார்கள், யோர்ன் ஒரு முட்டாள், பாவம் வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள். வசந்தகாலம் ஆகும். வசந்தகாலத்தில் நான் தனியாக இருப்பேன்.

என் கை அவன் கைக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. தட்டிவிட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தது. அதை அழுத்தினால் இன்று ஆபரேஷனுக்குப் போவான், ஆனால் அவனாகப் போனதாக இருக்காது, நான் தள்ளிவிட்டதாக இருக்கும். தேர்வாளர் தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்திவிட்டால் தேர்வு அங்கேயே முடிந்துவிடும், ஓட்டுகிறவருக்குத் தோல்விதான் என்பதும் அவன் கற்றுக்கொடுத்ததுதான். கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி, நான் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வலது காலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தேன்.

தோர்கில் கோப்பையை முகர்ந்து பார்த்தான். பெருமூச்சு விட்டான். அப்புறம் அதை என் இன்னொரு கையில் திணித்தான்.

“வண்டி எடுக்கற அன்னைக்குக் குடிக்கக் கூடாது. மொதப் பாடம்” என்றான். “நீ எனக்கும் சேத்துக் குடி.”

அந்தக் கணத்தில்தான் யோர்னுக்கு உறைத்தது. அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. “வாத்தியாரே... வெறும் வயிறு... ஐயோ, நான் உங்கள...”

“அஞ்சாவது தடவையும் உன்ன அவங்க ஃபெயிலாக்கியிருக்கணும்” என்றான் தோர்கில்.

நான் இரண்டையும் ஒரே மூச்சில் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது சாராயத்தால் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் மறுக்கவில்லை. நிமிர்ந்து அவன் கண்ணைத் தேடுவதற்குள் நடுவில் சோல்வையின் முதுகு வந்துவிட்டது. வாசனை அவளை மருந்து அறையிலிருந்தே ஓட வைத்திருந்தது.

“யாரு? யாரு குடிச்சது? நீங்க குடிச்சீங்களா?”

“இல்ல சிஸ்டர்.”

“வாயத் தொறங்க. ஊதுங்க.”

முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குக் குடிக்காமல் ஓட்டு என்று பாடம் எடுத்தவன், தன் வெள்ளிக் கல்யாண நாளில், கையுறைப் பூ வளைவுக்குக் கீழே, வாயைத் திறந்து ஊதினான். சோல்வை மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள். அந்தத் தாழ்வாரத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

“பாஸ்” என்றாள்.

கூட்டம் போட்ட சத்தத்தில் மேல்மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். சோல்வை யோர்னின் பாட்டிலையும் என் கையிலிருந்த தோர்கிலின் கோப்பையையும் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். தோர்கிலுக்கு மாத்திரையும் ஒரு மிடறு தண்ணீரும் கொடுத்துப் படுக்க வைத்தாள். ரூனெ பின்னால் வந்து நின்றான். நான் படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் சேர்ந்து வளைவுக்குக் கீழே போனோம், ஒருத்தி நடந்தும் ஒருத்தன் படுத்தும். ரப்பர் விரல்கள் என் தலையைத் தடவின.

“ரெண்டாவது பார்வை பாக்கவே இல்ல” என்றான் தோர்கில், மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த குரலில். அவனுக்குத் தலைமாட்டில் நான், அவன் கண்கள் விட்டத்தில். என் பக்கம் திரும்ப முயன்றான், கழுத்து வரவில்லை.

“திரும்பி வந்து பாரு” என்றேன்.

“அப்போ கோப்பையக் கீழ வைக்காத” என்றான். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. மூடும்போது ரூனெ தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தான்.

அன்று பகல் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. கார் நிறுத்துமிடத்தில் மரக்கிளைகளுக்கு நடுவே எங்கள் தெருவே உட்கார்ந்து ரொட்டியும் சீஸும் தின்றது. யோர்ன் சாப்பிடவில்லை, என்னிடம் வந்து வந்து மன்னிப்புக் கேட்டான், மூன்றாவது தடவை நான் அவன் தொப்பியைப் பிடுங்கி அவன் முகத்திலேயே அடித்தேன். அவன் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு எல்லோருடைய கோப்பையையும் வாங்கிப் போட்டான். என்னுடையதையும் கேட்டான். கொடுக்கவில்லை. காப்பி கொண்டுவந்தபோது, கையில் அதைப் பிடித்திருந்ததால் காப்பியை இடது கையால் வாங்கினேன். சிரித்தேன், அழுதேன், ஒரே நேரத்தில் இரண்டும் செய்தேன். வெறும் வயிற்றில் இரண்டு கோப்பை போட்டால் எவளும் அப்படித்தான்.

மதியத்துக்குமேல் டாக்டரம்மா வந்து, “வச்சாச்சு, ஓடுது” என்றார். சாயங்காலம்தான் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் விட்டார்கள். அவனிடமிருந்து குழாய்கள் நாலா பக்கமும் போயின. முகம் மெழுகு மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ், “இப்ப முழிப்பார், பேர் சொல்லிக் கூப்பிடுங்க” என்றாள்.

“தோர்கில்” என்றேன்.

இமை அசைந்தது. கண் விட்டத்தைப் பார்த்தது. மெஷினைப் பார்த்தது. நர்சைப் பார்த்தது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி, என்னிடம் வந்து நின்றது. அங்கேயே நின்றது. நான் அங்கேதான் இருந்தேன்.

வலது கை விரல்கள் மரத்துப்போயிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, நசுங்கிப்போன அந்தப் பிளாஸ்டிக் கோப்பையை அவன் மேசைமேல் வைத்தேன்.